தேயிலைப் பெட்டியும் திரை அச்சும்

கொழும்பிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலை அவிசாவளையில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை களனி கங்கையைத் தழுவியபடி எட்டியாந்தோட்டை, கித்துள்கலை எனக் கேகாலை மாவட்டத்து மலைகளில் ஏறுகின்றது. மற்றக் கிளை எஹலியகொடை, குருவிட்டை ஆகிய ஊர்களைக் கடந்து இரத்தினபுரியை அடைந்து, பெல்மதுளை, பலாங்கொடை என நீளுகின்றது. இவ்விரு மாவட்டங்களும் சேர்ந்ததே சப்பிரகமுவ மாகாணம். மழைக்குப் பெயர்போன நாடு இது. சிவனொளிபாத மலையின் சாரலில் பிறக்கும் ஓடைகள் களு கங்கையாகத் திரண்டு இரத்தினபுரியைச் சுற்றி ஓடுகின்றன.

இம்மாகாணத்துக்கு வருவோர் மாணிக்கக் கற்களைக் காண வருவர்; சிவனொளிபாத மலைக்கு வழி தேடி வருவர்; பின்னவலையில் யானைகள் நீராடுவதைக் குழந்தைகளுக்குக் காட்ட வருவர். இப்பயணத்தில் நாம் வாசகர்களுக்குக் காட்ட விரும்புவது இவற்றுள் எதுவும் அன்று. கோடு, வட்டம், சதுரம், நிறம் என்னும் நான்கையே காட்ட விரும்புகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. அரூப ஓவியக் கண்காட்சி ஒன்றினுள் நுழையும் எம்மவர் பலர் முதலில் கேட்கும் கேள்வி, ‘இது என்ன படம்?’ என்பதே. மரமும் இல்லை, மனிதரும் இல்லை. வெறும் கோடுகளும் நிறக் கட்டங்களும் சட்டத்துக்குள் தொங்குகின்றன. அவற்றிலும் சில, தூரிகையால் தீட்டப்பட்டவையல்ல. திரை அச்சினால் பதிக்கப்பட்டவை. ‘இது படித்த நகரத்தாருக்கு உரியது, நமக்கு விளங்காது’ என்று ஒதுங்கிவிடுகின்றோம். சப்பிரகமுவத் தோட்டங்களை ஒருமுறை நிதானமாகச் சுற்றி வந்தால், இந்தக் கலையின் தாயகங்களுள் ஒன்று எமது லயத்து வாசலிலேயே இருக்கின்றது என்பது விளங்கும்.

மரத்தின் மேல் ஒரு சாய்கோடு

இலங்கையில் இறப்பர் மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் கேகாலை முதன்மையானது. 1876 ஆம் ஆண்டில் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழித்தோன்றல்கள் இன்று எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டை, தெரணியகலை, றுவன்வெல்லை எங்கும் குன்றுகளை மூடி நிற்கின்றன. அதிகாலையில் அக்காட்டினுள் நுழைந்தால், ஒவ்வொரு மரத்திலும் ஒரே சாய்வில் ஒரே கோடு இறங்குவதைக் காணலாம்.

அக்கோடு அழகுக்காக இடப்பட்டதன்று. பால் செல்லும் நுண்குழாய்கள் மரத்தைச் சுற்றிச் சற்றே சாய்ந்து ஓடுகின்றன. இடப்புறம் மேலிருந்து வலப்புறம் கீழாக வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும். பாலும் கூடுதலாக வடியும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள பட்டையே சீவப்பட வேண்டும். கத்தி ஆழமாகப் பாய்ந்தால் மரம் காயப்படும்; மேலோட்டமாகச் சென்றால் பால் வராது. அந்தச் சாய்கோட்டைப் பிசகாமல் நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் வரையும் கை, ஓவியக் கல்லூரி எதிலும் பயிலாத கை. ஆயினும் கோட்டின் ஒழுக்கத்தை அது அறியும்.

சேர்த்த பாலை அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளுக்கிடையே செலுத்துகின்றனர். கடைசி உருளையில் செதுக்கப்பட்டுள்ள வரிகள் தகட்டின் மேல் சரிவான கட்டங்களாகப் பதிகின்றன. அவ்வரிகளால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை. காற்றுப்படும் பரப்பும் கூடுவதால் விரைவில் உலர்கின்றன. புகையறையில் சில நாட்கள் தொங்கிய பின் அத்தகட்டை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தேன் நிறத்தில் வரிவரியாக ஒளி ஊடுருவும். அதற்குச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் எந்தக் கண்காட்சிச் சாலையும் அதனை மறுக்காது.

இரத்தினபுரிப் பக்கம் சென்றால் காட்சி மாறும். வயல் நடுவே தோண்டிய குழியிலிருந்து மேலே வரும் ‘இல்லம்’ என்னும் சரளை மண்ணை மூங்கில் தட்டில் இட்டு, நீரில் அமிழ்த்தி வட்டமாகச் சுழற்றுகின்றனர். மண் கரைந்து போக, கனமான கற்கள் அடியில் மையத்தில் தங்குகின்றன. சுழற்றும் கையின் வட்டமே மாணிக்கத்தைத் தேடித் தருகின்றது. குருவிட்டைக்கு அருகிலுள்ள பட்டதொம்பக் குகையிலும் கித்துள்கலைப் பெலிக் குகையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட பழங்காலக் கற்கருவிகளுள் முக்கோணமாகவும் பிறைவடிவாகவும் சீராகச் செதுக்கிய நுண்கருவிகள் உள்ளன. பட்டதொம்பக் குகையில் கிடைத்தவற்றுட் சில ஏறத்தாழ 30,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது தொல்லியலாளர் கணிப்பு. வடிவங்களை வகுக்கும் ஆர்வம் இம்மண்ணுக்குப் புதிதன்று.

மூன்று எழுத்துகளும் நான்கு தீவுகளும்

இனித் தேயிலைத் தொழிற்சாலைக்குச் செல்வோம். தோட்டத்து மொழியில் அது ‘ஸ்டோர்’. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளில் தேயிலையே அரசி. கொழுந்து வாடி, அரைபட்டு, நொதித்து, வறுபட்டு, சலிக்கப்பட்ட பின் பொதி செய்யப்படும். இன்று பெரும்பாலும் காகிதச் சாக்குகளே பயன்படுகின்றன. 1980களுக்கு முன்னர் பிறந்தவர்களின் நினைவில் நிற்பவையோ ஒட்டுப்பலகையாற் செய்து, உள்ளே ஈயத் தாளோ அலுமினியத் தாளோ பரப்பி, விளிம்புகளுக்குத் தகரப் பட்டை அடித்த தேயிலைப் பெட்டிகள். வெறுமையான பெட்டிகள் லயங்களில் அலுமாரியாகவும், மேசையாகவும், குழந்தைகளின் புத்தகப் பெட்டியாகவும் பல்லாண்டு பணிபுரிந்தன.

அப்பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையில் சில எழுத்துகள் இருக்கும். தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், வரிசை எண், நிறை ஆகியவையே அவை. அவற்றைப் பதிக்க ஒரு தகடு உண்டு. மெல்லிய உலோகத் தகட்டில் எழுத்தின் வடிவம் துளையாக வெட்டப்பட்டிருக்கும். தகட்டைப் பெட்டியோடு அழுத்திப் பிடித்து, மை தோய்ந்த கட்டைத் தூரிகையால் ஒற்றினால் எழுத்து பதியும். இதுவே ‘ஸ்டென்சில்’.

அந்தப் பெட்டிகளில் மிகுதியாகக் காணப்பட்ட தர எழுத்துகளை ஆங்கிலத்தில் பி, ஓ, பி என எழுதுவர். இம்மூன்று எழுத்துகளிலும் ஒரு சங்கடம் இருக்கின்றது. ‘ஓ’ என்பது ஒரு வட்டம். வட்டத்தைத் தகட்டில் வெட்டினால் நடுப்பகுதி கழன்று கீழே விழுந்துவிடும். பதிவது வட்டக்கோடாக இராது, கறுப்புப் பொட்டாக இருக்கும். ‘பி’யின் வயிற்றுக்கும் அதே கதி. எமது ‘வ’கரத்தை வெட்டினாலும் அதன் சுழி இவ்வாறே உதிரும். ஆகவே நடுவிலுள்ள தீவைக் கரையோடு இணைக்க ஒரு சிறு பாலத்தை விட்டுவைத்தே வெட்டுவர். தேயிலைப் பெட்டி எழுத்துகள் எல்லாம் நடுவே உடைந்தவை போலத் தோன்றியதன் காரணம் இதுவே. அந்த உடைவில் ஓர் அழகு இருப்பதைப் பலர் கவனித்திருப்பர். அது ஏன் வந்தது என்பதைச் சிலரே அறிவர்.

பாலம் தேவைப்படாத அச்சு

தீவையும் கரையையும் பாலமின்றி இணைப்பது எப்படி? இக்கேள்விக்கு விடை காண உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. யப்பானியத் துணிச்சாயத் தொழிலாளர், கனிச்சாற்றில் ஊறிய தடித்த காகிதத்தில் வடிவங்களை வெட்டி, உதிரக்கூடிய பகுதிகளை மெல்லிய பட்டு நூலால் தாங்கி நிறுத்தினர். நூல் மிக மெலிது. சாயம் அதனைச் சுற்றிப் புகுந்து பதியும். நூலின் தடம் துணியில் தெரியாது.

நூல்களைக் கொண்டு தாங்கலாம் என்றால், முழுத் துணியைக் கொண்டே தாங்கலாமே! மரச்சட்டம் ஒன்றில் மெல்லிய பட்டுத் துணியை இறுக இழுத்துக் கட்டினால், வெட்டிய வடிவம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். தீவு எங்கும் மிதக்கலாம், பாலம் வேண்டியதில்லை. 1907 ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் என்பவர் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். திரையின் மேல் மையை ஊற்றி, இறப்பர் விளிம்பு பதித்த பலகையால் ஒரு முறை அழுத்தி இழுத்தால், அடைபடாத கண்கள் வழியாக மை கீழிறங்கிக் காகிதத்திலோ துணியிலோ படியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு திரை.

அந்த இழுக்கும் பலகையின் விளிம்பு இறப்பர் என்பதை வாசகர்கள் கவனிக்க. இன்று செயற்கைப் பொருள்களும் வந்துவிட்டன. ஆனால் மையைச் சீராக இழுத்துச் செல்லும் வளைவும் வலிவும் உடைய பொருளாக முதலில் கைகொடுத்தது, எமது தோட்டங்களில் வடியும் பாலிலிருந்து வரும் அதே இறப்பரே.

முதலிற் கடைப் பலகைகளுக்கும் கொடிகளுக்கும் விளம்பரங்களுக்கும் மட்டுமே இம்முறை பயன்பட்டது. பொருளாதார மந்தத்தால் அமெரிக்காவிற் கலைஞர்கள் வேலையிழந்து நின்ற காலத்தில், அரசு அவர்களுக்குத் தொழில் கொடுக்க ஒரு திட்டம் வகுத்தது. அதன் கீழ் 1938 இல் நியூயோர்க்கில் அந்தோனி வெலோனிஸ் என்பவரின் வழிகாட்டலில் ஒரு திரை அச்சுப் பிரிவு தொடங்கிற்று. விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை; ஒரு சட்டம், ஒரு துணி, ஒரு பலகை போதும். ஒரே படத்தில் பல பிரதிகள் கிடைப்பதால் சாதாரணக் குடும்பமும் ஒன்றை வாங்கலாம். ஏழையின் கைக்கருவியாக இருந்த தகடு, இவ்வாறு ஓவியரின் கருவியாக உயர்ந்தது.

சதுரங்களின் ஆசிரியர்

திரை அச்சில் அரூப வடிவங்களைப் படைத்துப் பெருமை பெற்றவர்களுள் ஜோசப் ஆல்பர்ஸ் என்பவரை இங்கே அறிமுகப்படுத்துவது பொருந்தும். 1888 இல் ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்க நகரான பொட்ரொப்பில் பிறந்தவர். தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. மகனுக்கு முதலிற் கிடைத்த கலைக்கல்வி அத்தொழிலின் கைப்பழக்கமே. பின்னர் பௌஹவுஸ் என்னும் புகழ்பெற்ற கலைப்பள்ளியில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். 1933 இல் நாசிகளின் நெருக்கடியால் அப்பள்ளி மூடப்பட்டபோது அமெரிக்கா சென்றார்.

1950 முதல் 1976 இல் இறக்கும் வரை அவர் வரைந்தவை பெரும்பாலும் சதுரங்களே. ஒரு சதுரத்தினுள் இன்னொரு சதுரம், அதனுள் மற்றொன்று. வடிவம் மாறுவதில்லை, நிறம் மட்டும் மாறும். நிறங்களைப் பற்றி அவர் 1963 இல் வெளியிட்ட பெருநூலில் 150 வர்ணத் தகடுகள் திரை அச்சினால் பதிக்கப்பட்டன. நிறம் சற்றேனும் பிசகினால் பாடமே பிழைத்துவிடும் என்பதால், தட்டையாகவும் தூயதாகவும் மை பதியும் இம்முறையே அவருக்கு ஏற்றதாயிற்று. 1971 இல் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அரும்பொருட்சாலை அவரது படைப்புகளைத் தனியொருவர் கண்காட்சியாக வைத்தது. உயிரோடிருக்கும் ஓர் ஓவியருக்கு அச்சாலை அத்தகைய முழுமையான கண்காட்சியை அளித்தது அதுவே முதன்முறை.

அவர் கற்பித்த பாடம் எளியது. ஒரு நிறம் தனித்து நிற்பதில்லை. அயலிலுள்ள நிறத்தால் அது மாறித் தோன்றும். இதனைச் சோதிக்க நியூயோர்க் செல்ல வேண்டியதில்லை. தை, மாசி மாதங்களில் கேகாலைப் பக்கம் செல்லுங்கள். இறப்பர் இலைகள் செம்மஞ்சளாகிச் சொரியும் காலம் அது. அந்தச் செம்மைக்கு அருகே நிற்கும் தேயிலையின் பச்சை, மழைக்காலத்தில் காணும் பச்சையாக இராது; இன்னும் ஆழ்ந்து, ஏறக்குறைய கருநீலமாகத் தோன்றும். தேயிலையில் மாற்றமில்லை, அயல் மாறியது, அவ்வளவே.

தனியொருவர் கண்காட்சியின் பயனும் இங்கேதான் விளங்குகின்றது. ஒரே ஒரு சதுரப் படத்தைப் பார்ப்பவர் எதனையும் காணாமற் போகலாம். ஒரே கையிலிருந்து வந்த நாற்பது படங்களை வரிசையாகக் காண்பவரின் கண், பத்தாவது படத்திலேயே ஒப்பிடத் தொடங்கிவிடும். ‘இது என்ன படம்?’ என்ற கேள்வி மறைந்து, ‘அங்கே மஞ்சள் பின்னால் நின்றது, இங்கே ஏன் முன்னால் வருகின்றது?’ என்ற கேள்வி பிறக்கும். அரூப ஓவியத்தைப் பார்க்கத் தெரிவது என்பது இதுவே.

எமது நாட்டிலும் இவ்வழி வெறுமையாக இருக்கவில்லை. 1943 இல் கொழும்பில் தோன்றிய ‘43 குழு’ நவீன ஓவியத்துக்கு வாயில் திறந்தது. அக்குழுவைச் சேர்ந்த ஜோர்ஜ் கிளாசன் அரூப வடிவங்களை நாடிச் சென்றவர். பின்வந்த எச்.ஏ. கருணாரத்ன இலங்கை அரூப ஓவியத்தின் முன்னோடியாகப் போற்றப்படுகின்றார். மலையகத்திலிருந்தும் கலைஞர் எழுந்துள்ளனர். ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலைத் தோட்ட மக்களின் வாழ்வையே தம் படைப்புக்குப் பொருளாகக் கொண்டவர்.

பெட்டியில் இடம்பெறாத பெயர்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகின்றோம்.

தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயர் இருந்தது, தரம் இருந்தது, நிறையும் இருந்தது. பறித்தவரின் பெயர் இருக்கவில்லை. அப்பெயர் கந்தோரில் இருந்த செக்ரோல் புத்தகத்தில் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. பெட்டி லண்டனுக்குச் சென்றது. புத்தகம் அலுமாரியிற் கிடந்தது. 1823 ஐத் தொடக்கமாகக் கொண்டு, மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் எத்தனை கோடிப் பெட்டிகள் முத்திரை பெற்றுச் சென்றிருக்கும்! அவற்றின் பின்னால் இருந்த கைகளுக்கு முத்திரை இல்லை.

சப்பிரகமுவத் தமிழரின் நிலை இதிலும் ஒரு படி கடினமானது. நுவரெலியாவைப் போல இங்கே அவர்கள் பெருந்தொகையினர் அல்லர். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தோட்டங்களிற் சிதறி வாழ்பவர்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராகி, 1964 ஆம் ஆண்டுச் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையால் குடும்பங்கள் கடலுக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பிரிந்த துயரம் இவர்களுக்கும் நேர்ந்தது. 1977 இலும் 1981 ஓகஸ்ட் மாதத்திலும் வன்செயல்கள் மூண்டபோது, இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் எரிந்தன. பலர் வடக்குக்குப் பெயர்ந்தனர். குடியுரிமைப் பிரச்சினை சட்டத்தளவில் 2003 இல் தான் பெரும்பாலும் தீர்ந்தது. 1912 இல் இரத்தினபுரிக்கும் 1919 இல் ஓப்பநாயக்கைக்கும் வந்த சிறு புகையிரதப் பாதைகூட இன்று அவிசாவளையோடு நின்றுவிட்டது. பெட்டிகளும் இல்லை. முத்திரைத் தகடுகளோ, துருவேறிப் பழைய இரும்பாகப் போகும் தறுவாயில் உள்ளன.

இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகையொன்றில், கையைப் பாறையில் வைத்து அதன்மேல் செம்மண் சாயத்தை ஊதிய அடையாளம் ஒன்று உண்டு. அது குறைந்தது 39,900 ஆண்டுகள் பழமையானது என 2014 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். உலகின் மிகப் பழைய ஸ்டென்சில்களுள் அது ஒன்று. அங்கே தகடாக இருந்தது மனிதக் கையே. ‘நான் இங்கே இருந்தேன்’ என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. எமது தோட்டங்களில் பதிந்த கோடிக்கணக்கான முத்திரைகளிற் குறைவுபட்டதும் அந்த ஒரு வாக்கியமே.

மாணவர்க்கு ஒரு செய்முறை

இக்குறையை ஈடுசெய்யப் பெரும் பணம் வேண்டியதில்லை. திரை அச்சின் சிறப்பே அதன் எளிமை. சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலை மாணவர் எவரும் இதனைச் செய்து பார்க்கலாம்.

பழைய படச்சட்டம் ஒன்றை எடுத்து, மெல்லிய ஓர்கண்டித் துணியைத் தொய்வின்றி இழுத்து ஆணியடிக்க வேண்டும். தட்டினால் சிறு பறைபோல ஒலிக்கும் அளவுக்கு இறுக்கம் அவசியம். விளிம்புகளை ஒட்டுநாடாவால் அடைக்க வேண்டும். மெழுகுத்தாளில் விரும்பிய வடிவத்தை வெட்டி, கீழே விரித்த வெள்ளைத் தாளின் மேல் வைக்க வேண்டும். வட்டமாயின் நடுத்தீவையும் அதனிடத்திலேயே வைக்கலாம், பாலம் வேண்டாம். அதன்மேல் சட்டத்தைப் பதித்து, கூழ்போலக் குழைத்த வர்ணத்தை ஓர் ஓரத்தில் ஊற்றி, விளிம்பு நேரான இறப்பர்த் துண்டு ஒன்றால் ஒரே இழுவையில் இழுக்க வேண்டும். முதற் பிரதியிலேயே வர்ணத்தின் ஈரத்தால் மெழுகுத்தாள் துணியோடு ஒட்டிக்கொள்ளும்; இரண்டாம், மூன்றாம் பிரதிகள் இன்னும் தெளிவாக விழும். வேலை முடிந்ததும் துணியை உடனே கழுவாவிட்டால் கண்கள் அடைபட்டுப் போகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எதனை அச்சிடுவது என்ற கவலை வேண்டாம். பால்வெட்டுக் கோட்டின் சாய்வு, இறப்பர்த் தகட்டின் வரிகள், மலைச்சரிவில் தேயிலை நிரைகள் வளையும் வளைவு, மாணிக்கத் தட்டின் சுழற்சி, மார்கழியில் லயத்து வாசலில் தாய் இடும் புள்ளிக் கோலம் ஆகிய அனைத்தும் ஆயத்தமாக இருக்கின்றன. கோலத்தைப் பார்த்து ‘இது என்ன படம்?’ என்று எம்மில் எவரும் கேட்டதில்லை. புள்ளிகளின் ஒழுங்கையும் கோட்டின் ஓட்டத்தையும் கண்டு மகிழத் தெரிந்த கண்ணுக்கு, அரூப ஓவியம் அந்நியமாவது எப்படி?

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்து ஸ்டோரிலோ பழைய லயத்திலோ முத்திரைத் தகடு ஒன்று எஞ்சியிருந்தால், உரியவரிடம் கேட்டுப் பெற்றுப் பாடசாலையில் வையுங்கள். பிள்ளைகளுள் ஒருவர் வடிவங்களில் நாட்டம் காட்டினால், அவரது படங்கள் இருபது சேரும் வரை பொறுத்திருந்து, தைப்பொங்கல் விடுமுறையில் பாடசாலை மண்டபத்திலேயே தனியொருவர் கண்காட்சியாகத் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் அச்சிட்ட பிள்ளையின் பெயர் இருக்கட்டும். அதனருகே, அந்த மலையிற் கொழுந்து பறித்த, அந்த மரத்திற் பால் வெட்டிய பாட்டியின் பெயரும் தாத்தாவின் பெயரும் தமிழில் முழுமையாக இருக்கட்டும்.